மங்கும் பார்வையும் மறைக்கக் கூடாத உண்மையும்

 



ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வருகிறது. இது முழுவதும் போய்விடக்கூடும் என்று மருத்துவர் பெற்றோரிடம் தனியாகச் சொல்லிவிட்டார். வெளியே உட்கார்ந்திருந்த பிள்ளை கேட்கிறது: "அத்தா, டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லப்பா, எல்லாம் சரியாயிடும்" என்றுதான் பெரும்பாலும் சொல்லுவோம். பாசத்தில் வருகிற வார்த்தை அது. ஆனால் அப்படிச் சொல்லலாமா?

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். விழித்திரை சிதைவு நோய்களில் பரவலானது ஒன்று உண்டு. அதில் மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் செல்கள் முதலில் அழியும். மஃரிபு நேரத்தில் பிள்ளை வாசற்படியில் தடுக்கி விழும். கரண்ட் போனால் தட்டைத் தேடித் தடவும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பது போலாகும். இதன் பெரும்பாலான வகைகளுக்கு இன்னும் முழுமையான சிகிச்சை இல்லை. ஆனால் மாலைக்கண் எல்லாம் இந்த நோய் அல்ல. வைட்டமின் ஏ குறைவாலும் அது வரும், அதைக் குணப்படுத்தலாம். அதனால் தாமதிக்காமல் காட்ட வேண்டும். மருங்காபுரி, துவரங்குறிச்சிப் பக்கம் இருக்கும் நமக்கு ஒரு பக்கம் திருச்சி ஜோசப் கண் மருத்துவமனை, மறுபக்கம் 1976-ல் தொடங்கப்பட்ட மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். அபூதாவூதில் வரும் ஒரு ஹதீஸ்: ஒரு தாய் தன் சிறு பிள்ளையை, "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன கொடுக்கப் போகிறீர் என்று நபி (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அந்தத் தாய். எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் அது உம் மீது ஒரு பொய்யாக எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் நபியவர்கள் எச்சரித்தார்கள். ஒரு பேரீச்சம்பழத்துக்கே இந்தக் கணக்கு என்றால், பார்வை வரும் என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்க நாம் யார்?

"அப்படியானால் நம்பிக்கை வைக்கக் கூடாதா ஹழ்ரத்?" என்று கேட்பீர்கள். வையுங்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் சிறுவயதில் பார்வை இழந்து, தாயாரின் துஆவால் மீண்டும் பெற்றதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. துஆ அல்லாஹ்விடம் கேட்பது, அதற்கு எல்லை இல்லை. வாக்கு பிள்ளையிடம் கொடுப்பது, அதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. "டாக்டர் இப்படிச் சொல்றாரு. அல்லாஹ்கிட்ட கேட்டுக்கிட்டே இருப்போம். எது நடந்தாலும் நாங்க உன்கூட இருப்போம்" என்பதில் பொய்யும் இல்லை, நம்பிக்கையிழப்பும் இல்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டாம். வயதுக்கேற்ப, கேட்கக் கேட்கச் சொல்லுங்கள்.

சொன்னால் பிள்ளை உடைந்துபோகுமே? தன் கண்ணுக்கு என்ன ஆகிறது என்று பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும். தடுக்கி விழும்போதெல்லாம், "கண்ணு தெரியலையா?" என்று திட்டு வாங்கியதும் அதுதான். நாம் மறைத்தால், அந்தப் பயத்தோடு அது தனியாக இருக்கும். அழுதால் அழட்டும். மகனைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதை யூசுஃப் அத்தியாயம் சொல்கிறது. அழகிய பொறுமைக்கு முன்மாதிரியும் அவர்கள்தான். ஸப்ர் என்பது அழாமல் இருப்பது அல்ல, நடந்ததை மறைப்பதும் அல்ல.

உண்மையைச் சொல்ல இன்னொரு காரணம், மீதமிருக்கும் பார்வை ஓர் அமானத். அந்தக் காலத்தில் பிள்ளை தயாராக வேண்டும். சவூதியின் தலைமை முஃப்தியாக இருந்த ஷைகு இப்னு பாஸ் (ரஹ்) அவர்களுக்கு 16 வயதில் கண்நோய் வந்தது. பார்வை குறைந்துகொண்டே போய் 20 வயதளவில் முற்றிலும் போய்விட்டது. ஆனால் அவர்கள் ஓதுவதை நிறுத்தவில்லை. நம் மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி 5 வயதளவில் பார்வை இழந்தவர். 2019-ஆம் ஆண்டின் குடிமைப் பணித் தேர்வில் இந்திய அளவில் 286-வது இடம் பெற்றார். தேர்வில் எழுதித் தர ஆள், கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் இருக்கின்றன. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்கிறது 2016-ஆம் ஆண்டுச் சட்டம். திருச்சி புத்தூரில் பார்வைக் குறைபாடுள்ள பெண்பிள்ளைகளுக்கென்றே அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. நோயை மறைக்கும் வீட்டுக்கு இவை எதுவும் பயன்படாது.

ஏன் மறைக்கிறோம்? பல நேரம் அது பிள்ளைக்காக அல்ல. அக்காவின் சம்பந்தம் தட்டிப்போகுமே, ஊர் என்ன பேசும் என்ற அச்சம். இந்த அச்சத்தை உண்டாக்கியது நாம்தான், ஜமாஅத்தார்களே. இதில் சில நோய்கள் பரம்பரையாக வருபவை. அப்படிப்பட்ட குடும்பத்தில் சொந்தத்துக்குள்ளேயே நிகாஹ் செய்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் முடிப்பதை மார்க்கம் அனுமதித்திருக்கிறது, கட்டாயமாக்கவில்லை. முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது அறிவுடைமை. அதற்கும் உண்மையை வெளியில் சொல்ல வேண்டும்.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் அறிவோம். பார்வையற்ற ஸஹாபி. அவர்கள் விஷயத்தில்தான் 'அபஸ' அத்தியாயம் இறங்கியது. நபி (ஸல்) அவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவில் தம் பிரதிநிதியாகப் பலமுறை அவர்களை நியமித்தார்கள். ஃபஜ்ரு பாங்கும் அவர்கள் பொறுப்பில் இருந்தது. விடியலைப் பார்க்க முடியாதவர் எப்படி விடியலுக்குப் பாங்கு சொன்னார்? விடிந்துவிட்டது என்று மக்கள் வந்து சொல்வார்கள், பிறகே பாங்கு சொல்வார்கள் என்று புகாரீயில் வருகிறது. வெளிச்சத்தைப் பற்றி அவர்களிடம் யாரும் பொய் சொல்லவில்லை. அந்த உண்மையை நம்பித்தான் ஒரு நகரமே தொழுதது, நோன்பு பிடித்தது.

நம் மஹல்லாவில் ஒரு பிள்ளைக்குப் பார்வை மங்கினால், நாமும் அப்படி உண்மை சொல்பவர்களாக இருப்போம். மக்தபில் காதால் கேட்டு ஓத வழி செய்வோம். பள்ளிக்குக் கைபிடித்து அழைத்து வருவோம். அந்த வீட்டில் சம்பந்தம் பேசத் தயங்காமல் இருப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் கண்களுக்கு ஒளியைக் கொடு. நீ எடுத்துக்கொண்டால் அவர்களின் உள்ளத்துக்கு ஒளியைக் கொடு. அவர்களிடம் உண்மை பேசும் தைரியத்தை எங்களுக்குக் கொடு. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.