சித்திரகுப்தனின் கணக்கேடு

'இரத்தக்கண்ணீர்' படத்தைச் சமீபத்தில் மறுபடியும் பார்த்தேன். 1954-இல் வந்த படம். எழுதிய திருவாரூர் தங்கராசுவும் நடித்த எம்.ஆர். ராதாவும் பெரியாரின் தொண்டர்கள். ராதாவின் குரல் இன்றும் ஆளை உலுக்குகிறது. அவர் நடித்த நாயகன் மோகனசுந்தரம், தெருவில் பிச்சையெடுக்கும் நிலைக்கு வந்து, கடைசியில் தன் மனைவி சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கே மணம் முடித்து வைக்கிறான். எழுபது ஆண்டுகள் கழித்தும் நம் கதாநாயகர்கள் பலருக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

ஆனால் கதையின் அச்சாணி எது? தாயை மதிக்காதவன், மனைவியை ஒதுக்கிவிட்டு தாசி காந்தாவின் வீட்டில் கிடந்தவன். அவனுக்குத் தொழுநோய் வருகிறது. அவன் செய்ததையும் அவனுக்கு வந்ததையும் முடிச்சுப் போட்டது யார்? கிருமி போட்டிருக்க முடியாது. மருத்துவர் ஹான்சன் அந்தக் கிருமியை 1873-இலேயே நார்வேயில் கண்டுபிடித்துவிட்டார். சிகிச்சை பெறாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகுவதால் பரவுகிற நோய் இது. பெரும்பாலானோரின் உடம்பு இயல்பாகவே அதைத் தடுத்துவிடும். தாயை வணங்குகிறவனுக்கும் வரும், ஒன்றுமறியாத பிள்ளைக்கும் வரும். கடவுளை விரட்டிவிட்டோம், சித்திரகுப்தனின் கணக்கேட்டை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

படம் வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே செங்கற்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் டாப்சோன் மருந்தைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். சென்னையிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம். கதையில் அந்த ரயில் வரவில்லை. மோகனசுந்தரமோ, தன் கோலத்தைச் சிலையாக வடித்து ஊருக்குப் பாடமாக வைக்கச் சொல்கிறான். அதே நோய் வந்த ஒரு பெண் அந்தச் சிலையைக் கடந்து போனால், ஊரார் அவளிடம் என்ன கேட்பார்கள்? நீ என்ன பாவம் செய்தாய் என்றுதான்.

ஊதாரிகளைத் திருத்தத்தானே அப்படிக் காட்டினார்கள் என்பார்கள். திருத்துவதற்குப் பொய் ஆகுமென்றால் நரகமும் ஆகும். எண்ணெய்க் கொப்பரையை எதற்காக மேடைமேடையாக எதிர்த்தோம்?

இந்தப் பொய்க்கு விலை கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். படம் வந்த மறு ஆண்டு இயற்றப்பட்ட இந்து திருமணச் சட்டம், தீராத தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாக ஏற்றது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. நோய் முழுவதும் குணமாகும் என்று ஆனது. ஆனாலும் மணவிலக்குப் பட்டியலிலிருந்து அதை நீக்க 2019 வரை ஆயிற்று. அந்த இடைவெளியில் வீட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

இது பழைய படத்தோடு போன குற்றமும் அல்ல. பாலாவின் 'நான் கடவுள்' 2009-இல் வந்தது. சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது பெற்றது. பிச்சைக்காரர்களை வைத்துத் தொழில் நடத்தும் தாண்டவனின் உலகத்தை அந்தப் படம் காட்டியதுபோல் தமிழில் வேறொன்று காட்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் ஜோதிடன் சொன்னதைக் கேட்டுப் பெற்ற மகனைக் காசியில் விட்டுவந்த தகப்பனின் குற்றத்தை, மகனைக் கடவுளாக்கியே படம் கரைத்துவிடுகிறது. பார்வையற்ற அம்சவல்லி பாடிப் பிழைக்கிறவள். தாண்டவன் அவள் முகத்தைச் சிதைக்கிறான். அவள் சாமியாராகிவிட்ட அந்த மகன் ருத்ரனிடம் மன்றாடுகிறாள், அவன் அவளைக் கொல்கிறான், அதற்குப் படம் தரும் பெயர் விடுதலை. மாற்றுத்திறனாளிகள் பலர் அதில் நடித்திருக்கிறார்கள். கேலியும் பாட்டும் கோபமுமாக அவர்கள் திரையில் அத்தனை உயிரோடு இருக்கிறார்கள். அவர்களை வைத்துக்கொண்டே, அப்படிப் பிறந்தவருக்குச் சாவுதான் மீட்சி என்று கதை முடிகிறது. அவள் முகத்தைச் சிதைத்தது முற்பிறவி அல்ல, கூலிக்கு ஆள் வைத்திருந்த ஒரு முதலாளி.

பகுத்தறிவு பேசும் நண்பர்களைக் கேட்கிறேன்: ரத்தம் வழிய நிற்கும் ஒரு பெண்ணை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடாமல் ஒரு சாமியாரிடம் ஒப்படைக்கும் கதையில், உங்களுக்கு எந்த இடத்தில் கண் கலங்கியது?