இந்த விலைக்கு இது போதுமா?

சென்ற தவணைப் பரீட்சைக் காலத்தில் எமது வாரச் சந்தையில் ஒரு வில்லுக்கத்தி வாங்கினேன். மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொள்ளக்கூடிய சிறிய கத்தி. ஓர் ஆசிரியனுக்குக் கத்தி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். கிராமத்துப் பாடசாலையில் பென்சில் சீவுவது தொடக்கம் கைப்பணிப் பாடத்துக்கு மூங்கில் சீவுவது வரை தினமும் ஒரு கத்திக்கு வேலை இருக்கிறது. வியாபாரி அதை விரித்துக் காட்டினார். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. "பூட்டு வெச்ச கத்தி சேர், தானா மடங்காது" என்றார். பளபளப்பாகவும் இருந்தது. விலையோ சில நூறு ரூபாய்தான். வாங்கிக் கொண்டேன்.

மூன்றாம் நாள் தடித்த மட்டையொன்றில் துளையிடுவதற்காகக் கத்தி முனையை அழுத்தினேன். பூட்டு விட்டுக் கொடுத்தது. அலகு மடங்கி என் நடுவிரலில் இறங்கியது. மூன்று தையல்கள் போட வேண்டியிருந்தது.

அடுத்த சந்தை நாளில் கட்டுப்போட்ட விரலோடு அந்த வியாபாரியிடம் போனேன். அவர் சண்டைக்கு வரவில்லை. அனுதாபத்தோடுதான் விரலைப் பார்த்தார். பின்னர் சிரித்துக் கொண்டே, "நீங்க தந்த காசுக்கு இதுக்கு மேல என்னத்த சேர் எதிர்பாக்கிற? இந்த வெலைக்கி இது போதும்தானே" என்றார். பக்கத்தில் நின்ற இருவர் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்தத் தலையாட்டல்தான் பின்னர் என்னை உறுத்தத் தொடங்கியது. நான் எதை ஒப்புக்கொண்டேன்? மலிவான பொருளுக்கு ஒரு நியாயம், விலை கூடிய பொருளுக்கு இன்னொரு நியாயம் என்பதையா? ஒரு பொருளை நல்லது என்றோ கெட்டது என்றோ எந்த அளவுகோலைக் கொண்டு சொல்கிறோம்? அதன் விலை அந்த அளவுகோலை வளைக்க முடியுமா?

இந்தக் கேள்வி புதியதல்ல. பிளேட்டோவின் 'குடியரசு' நூலின் முதற் பகுதியில் சோக்ரதீஸ் கத்தியைத்தான் உதாரணமாக எடுக்கிறார். திராட்சைக் கொடியைக் குத்துவாளாலும் வெட்டலாம், வேறு எத்தனையோ கருவிகளாலும் வெட்டலாம். ஆனால் அதற்கென்றே செய்யப்பட்ட கவ்வாத்துக் கத்தி செய்வதுபோல் வேறெதுவும் அவ்வேலையைச் சிறப்பாகச் செய்யாது என்பது அவர் வாதம். ஒவ்வொன்றுக்கும் அதற்கேயுரிய பணி ஒன்று உண்டு. அப்பணியைச் செவ்வனே செய்வதுதான் அதன் சிறப்பு. இதே சிந்தனையை 1030ஆம் ஆண்டில் மறைந்த மிஸ்கவைஹ் தமது 'தஹ்தீபுல் அக்லாக்' நூலில் எடுத்தாள்கிறார். தனக்குரிய பணியில் குறைவுபடும் குதிரை, குதிரையின் அந்தஸ்திலிருந்து இறங்கிக் கழுதையைப் போல் பொதி சுமக்க நேரிடும் என்பது அவர் காட்டும் உதாரணம். இந்த இருவரது அளவுகோலிலும் விலைக்கு இடமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கத்தியிடம் கேட்கப்படும் கேள்வி, 'உன் பணியைச் செய்கிறாயா?' என்பது மட்டுமே.

அப்படியானால் மலிவு என்பது எவ்வாறு சாத்தியமாகிறது? குறைந்த விலைக்கு நல்ல கத்தி செய்ய முடியுமா? முடியும் என்பதற்கு உலகில் நல்ல சான்றுகள் உள்ளன.

பிரான்சின் சவோய் மலைப் பகுதியில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் என்ற இளைஞர் செய்யத் தொடங்கிய மடக்குக் கத்தி அவற்றுள் ஒன்று. பீச் மரப் பிடி, ஓர் உருக்கு அலகு, அதை இணைக்கும் ஆணி, பிடியின் கழுத்தில் ஓர் உலோக வளையம், ஆரம்பத்தில் அவ்வளவுதான். அலங்காரம் எதுவுமில்லை. குடியானவர்களின் சட்டைப்பைக்கென்று செய்யப்பட்ட அந்தக் கத்தி இன்றும் பிரான்சில் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் விற்கிறது. இன்னொன்று ஜப்பானின் ஹியோகோ மாநிலத்திலுள்ள மிக்கி நகரில் 1890களில் தோன்றிய 'ஹிகோனோகாமி'. ஒரே தகட்டை மடித்துச் செய்த பிடியும் ஓர் அலகும்தான் அது. ஜப்பானியப் பாடசாலைப் பிள்ளைகள் ஒரு காலத்தில் அதனால்தான் பென்சில் சீவினார்கள். 1960இல் அரசியல்வாதி ஒருவர் மேடையில் வைத்துப் பதினேழு வயது இளைஞன் ஒருவனால் வாளால் குத்திக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, பிள்ளைகளின் கையில் கத்தி கொடுக்கக்கூடாது என்ற இயக்கம் வலுத்தது. அதன் பின்னர் ஹிகோனோகாமியின் புழக்கம் பெரிதும் அருகிவிட்டது. மூன்றாவது, பிரான்சின் தியேர் நகரில் 1929இலிருந்து செய்யப்படும் 'டூக்-டூக்'. அதன் பிடியும் மடித்த தகடுதான். பசிபிக் தீவு மக்களுக்கென்று எண்ணிச் செய்யப்பட்ட அது, வட ஆபிரிக்காவில் அல்ஜீரிய மக்களின் கைகளில் பெரும் வரவேற்பைப் பெற்றது.

இம்மூன்றும் எவ்வாறு மலிவாயின? பணிக்கு அவசியமில்லாததை விட்டுவிட்டன. கொம்புப் பிடி இல்லை, வெள்ளிப்பூண் இல்லை, கண்ணாடி போன்ற மெருகு இல்லை. ஆனால் உருக்கிலும் அதற்குக் கொடுக்கும் பதத்திலும் அவை கை வைக்கவில்லை. உருக்கைச் சூடாக்கித் தோய்த்து, பின்னர் மிதமான சூட்டில் அதன் முறிதன்மையைத் தணித்துப் பதமிடும் வேலை வாங்குபவரின் கண்ணுக்குத் தெரிவதில்லை. இதில் குறைவு நேர்ந்தால் கூர் மடிந்து போகும், அல்லது பொரிந்து கொட்டும். பிடியின் பளபளப்போ கண்ணுக்கு நன்றாகவே தெரியும். ஆகவே மலிவான கத்தி செய்பவன் முன்னால் எப்போதும் ஒரு கேள்வி நிற்கிறது: தெரிவதில் குறைப்பதா, தெரியாததில் குறைப்பதா? தெரிவதில் குறைப்பவன் நேர்மையானவன். அவன் எதை விட்டான் என்பதை வாங்குபவன் பார்த்தே அறிந்து கொள்கிறான். தெரியாததில் குறைப்பவன் தன் இலாபத்துக்கான செலவை வாங்குபவனின் விரலில் போட்டு விடுகிறான்.

இதிலிருந்து ஒரு கத்தியைப் பார்க்கும் முறையும் கிடைக்கிறது. விரித்த அலகைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். இணைப்பாணியில் ஆட்டம் இருக்கிறதா? மடக்கி விரலால் தடவிப் பாருங்கள். முனை பிடிக்கு வெளியே துருத்துகிறதா? பூட்டு இருப்பதாகச் சொன்னால், விரல்களை அலகின் பாதையிலிருந்து விலக்கிக் கொண்டு, அலகின் முதுகை ஒரு மரக்கட்டையில் மெல்ல அழுத்திப் பாருங்கள். சாணைக்கல்லில் தீட்டி, சில நாள் வேலை செய்து, கூர் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். அலகு மெல்லியதா என்றும் பாருங்கள். தடித்த விலையுயர்ந்த அலகைவிட மெல்லிய மலிவான அலகு மாங்காயை இலகுவாக அரியும். இவற்றில் எதற்கும் விலைச்சீட்டைப் பார்க்க வேண்டியதில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழலாம். இந்தக் கத்திகளிலும் குறைகள் இல்லையா? உண்டு. கார்பன் உருக்கு அலகில் எலுமிச்சை பட்டால் கறுக்கும், ஈரத்தோடு மடக்கி வைத்தால் துருப்பிடிக்கும். ஒப்பினெலின் மரப் பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுகப் பிடித்துக் கொள்ளும். ஹிகோனோகாமிக்குப் பூட்டே கிடையாது. அலகின் வாலில் நீட்டிக் கொண்டிருக்கும் சிறு நெம்பைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக் கொண்டுதான் வெட்ட வேண்டும். பூட்டில்லாத கத்தியை நல்ல கத்தி என்றும், பூட்டுள்ள என் சந்தைக் கத்தியைக் கெட்ட கத்தி என்றும் சொல்வது எப்படி நியாயமாகும்?

இதற்கான விடையை நான் எங்கள் ஊர்க் கொல்லரிடம் பெற்றேன். என் கத்தியை அவரிடம் கொண்டு போனபோது அவர் அலகில் அரத்தை வைத்து ஒரு தரம் இழுத்தார். பதமேறிய உருக்கில் அரம் வழுக்கும். இதிலோ வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கியது. "பதமே இல்ல சேர்" என்றார். பிறகு பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தப் பூட்டக் களட்டி எறிஞ்சிட்டுப் பாவிங்க. பூட்டு இல்லெண்டு தெரிஞ்சா கை கவனமா இருக்கும்" என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் சரி. பூட்டு இல்லாமை குறையல்ல. அது ஒரு நிபந்தனை. 'என்னை இப்படிப் பிடி' என்று ஹிகோனோகாமி வெளிப்படையாகவே சொல்கிறது. குறை எதுவெனில், இருப்பதாகக் காட்டி இல்லாதிருப்பதுதான். அந்த 'டக்' சத்தம் என் கைக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தது. அதை நம்பித்தான் என் கை கவனத்தைக் கைவிட்டது. ஒரு பொருள் எதை வாக்களிக்கிறதோ அதை முழுமையாக நிறைவேற்ற வேண்டும். வாக்குறுதி சிறியதாக இருக்கலாம். நிறைவேற்றம் அரைகுறையாக இருக்கக்கூடாது.

பாரம்பரியம் என்ற சொல்லும் இங்கே சாக்காக முடியாது. ஒப்பினெல் கத்தி அறுபத்தைந்து ஆண்டுகள் பூட்டில்லாமலே புழங்கியது. அந்தப் பழமையைக் காட்டி அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. 1955இல் சுழற்றிப் பூட்டும் வளையம் ஒன்றைச் சேர்த்தார்கள். எளிமையும் குலையவில்லை, சாதாரண மனிதனின் கைக்கு எட்டாத பொருளாகவும் அது ஆகிவிடவில்லை.

'ஏழைக்கு இதுவாவது கிடைக்கட்டுமே. இவ்வளவு கண்டிப்பாகப் பார்த்தால் இதுவும் கிடைக்காமல் போகுமே' என்று இரக்கமுள்ளவர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் விலை கூடிய கத்தியை வாங்குபவர் அது பழுதானால் இன்னொன்றை வாங்குவார். மலிவான கத்தியை வாங்குபவனுக்கு அநேகமாக அது ஒன்றுதான் கத்தி. நம்பிக்கைக்குரியதாக இருக்க வேண்டிய தேவை அவனுடைய கத்திக்கே அதிகம். 'இந்த விலைக்கு இது போதும்' என்ற வாக்கியம் இரக்கம் போல் ஒலிக்கிறது. அதன் உள்ளே இருப்பதோ, 'இந்த மனிதனுக்கு இது போதும்' என்பதுதான்.

இதை எழுதி முடித்துவிட்டு வியாபாரியைக் குற்றவாளியாக்கி நான் விலகிக் கொள்ளலாம். ஆனால் அதே வாரத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும்.

கட்டுப்போட்ட விரலோடுதான் ஒன்பதாம் வகுப்பின் கட்டுரைத் தாள்களைத் திருத்தினேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் ஒரு மாணவன் மேசையருகே வந்து நின்றான். தந்தை வயலில் கூலி வேலைக்குச் செல்பவர். தன் ஊர்க் குளத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். நான் ஐம்பத்தைந்து புள்ளி போட்டு, 'நன்று' என்றும் எழுதியிருந்தேன்.

"சேர், என்ட தாள்ல சிவப்பு மை ஒண்டும் இல்லயே. பிழ ஒண்டும் இல்லயா?" என்று கேட்டான்.

அவன் கையில் பக்கத்து மாணவனின் தாளும் இருந்தது. அந்தப் பிள்ளையின் தந்தை படித்தவர், பதவியில் உள்ளவர். அத்தாள் முழுவதும் சிவப்புக் கோடுகள். ஒற்றுப் பிழை, வாக்கியப் பிழை, தேவையற்ற சொல் என்று ஒவ்வொன்றையும் சுட்டிக் காட்டியிருந்தேன். இவனுடைய தாளில் பிழைகள் இல்லாமலில்லை. அதிகமாகவே இருந்தன. அவற்றைப் பார்த்துக் கொண்டே கடந்து போயிருந்தேன். ஏன் என்று என்னையே கேட்டபோது கிடைத்த விடை எனக்கு நன்கு பழக்கமானதாக இருந்தது. இவனிடம் இதற்கு மேல் எதை எதிர்பார்ப்பது? இந்தப் பிள்ளைக்கு இது போதும்.

நான் போட்ட 'நன்று' அந்தக் கத்தியின் 'டக்' சத்தத்துக்கு எவ்விதத்தில் குறைந்தது? அதை நம்பி அவன் நாளை சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் போய் உட்காருவான். விடைத்தாளைத் திருத்துபவருக்கு அவனுடைய வாப்பா யார் என்பது தெரியாது. மடங்கும் அலகு யாருடைய விரலில் இறங்கும்?

அன்று பாடசாலை விட்ட பின் அவனை இருத்தி, கட்டுரையை ஆரம்பத்திலிருந்து வாசித்தோம். பிழைகளைக் குறிக்கக் குறிக்க அவன் முகம் வாடிக் கொண்டு போனதைப் பார்த்தேன். ஓரிடத்தில் பேனாவை நிறுத்திவிடலாமா என்றும் நினைத்தேன். நிறுத்தவில்லை. இருபத்து மூன்று பிழைகள். ஆனால் கோடையில் வற்றிய குளத்தில் எருமைகளின் கால் தடங்கள் காய்ந்து கிடப்பதை அவன் எழுதியிருந்த மூன்று வரிகள், அந்தப் படித்தவர் வீட்டுப் பிள்ளையின் தாளில் எங்குமே இல்லாதவை. முதல் வாசிப்பில் நான் அவற்றையும் கவனித்திருக்கவில்லை. குறையைக் காண மறுத்த கண்ணுக்கு நிறைவும் தெரியாமல் போயிருந்தது.

ஐம்பத்தைந்தை வெட்டி நாற்பத்தெட்டு என்று எழுதினேன். அவன் தாளை வாங்கிக் கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். பின்னர், "நாளைக்கித் திருப்பி எழுதிட்டு வரட்டா சேர்?" என்று கேட்டான்.

கத்தியின் பூட்டைக் கொல்லர் கழற்றித் தந்துவிட்டார். கூர் அதிக நேரம் நிற்பதில்லை. அடிக்கடி தீட்ட வேண்டியிருக்கிறது. பென்சில் சீவ மட்டும் அதைப் பாவிக்கிறேன், கவனமாக.