விதையாத விளைவு

விதைத்தவனுக்கே விளைவு என்பது உழவுச் சமுதாயத்தின் அறம். ஆனால், எவரும் விதையாதது எவருக்கு உரியது? இது ஏட்டளவில் நிற்கும் வினா அன்று. நேபாளத்தின் வட எல்லையிலே கவரிமா மேய்த்து வாழும் மலைமக்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்ளும் வாழ்க்கை வினா.

அவர்களுடைய மேய்ச்சல் நிலங்களில், மண்ணுள் வாழும் அந்துப்பூச்சியின் புழுவைக் கொன்று, அதன் தலையிலிருந்து மெல்லிய தண்டாக முளைக்கிறது ஒரு காளான். கோடையிற் புல், மாரியிற் புழு என்று பொருள்பட 'யார்த்சா கும்பு' என அதனை அழைப்பர். சீன மருத்துவத்திலும் விருந்துச் சாறுகளிலும் அதற்குப் பெருமதிப்பு உண்டு. 2001 இல் நேபாள அரசு வணிகத் தடையை நீக்கியபின், மே, ஜூன் மாதங்களில் குடும்பங்கள் மலையேறிப் புல்லிடையே தவழ்ந்து அதனைத் தேடுகின்றன.

நுப்ரி, சும் பள்ளத்தாக்குகளில் தேடுதலுக்கு ஊராரே நாள் குறிக்கின்றனர். அந்நாளுக்குமுன் எவரும் களவாக ஏறாதபடி ஆட்கணக்கெடுக்கும் வழக்கமும் அங்கு உண்டு. வரியும் தண்டமும் ஊர்ப்பொதுவிற்குச் சேர்கின்றன. ஆகவே, இங்கே உரிமை விதைப்பினாலன்றிக் காவலினால் பிறக்கிறது. தன்னைத்தானே கட்டுப்படுத்தும் சமுதாயம் பிறரையும் கட்டுப்படுத்தலாம் என்பது நியாயமே.

எனினும், அந்நியாயத்திற்கும் ஓர் எல்லை வேண்டும். 2009 ஜூனில், மனாங் மாவட்டத்து நார் கிராமத்தின் மலையிலே காளான் தேடி வந்த கோர்க்கா மாவட்டத்தவர் 7 பேர் கொல்லப்பட்டனர். 2011 இல் நீதிமன்றம் ஊரவர் 19 பேரைக் குற்றவாளிகளெனத் தீர்ப்பளித்தது. வந்தோரையும் வறுமையே மலையேற்றியது. தடுத்தோருக்கும் ஆண்டின் பிழைப்பு அதுவே. புல்வெளியை மிதியாத வணிகன் மட்டும் இழந்தது ஒன்றுமில்லை.

அப்படியாயின் வேலிகளையெல்லாம் அகற்றிவிடலாமா? அகற்றின், புல்வெளி அழியும். மேய்ப்பவன் மந்தையையும் இழப்பான். வெளியாரிடம் கட்டணம் பெற்று இடமளிக்கும் வழக்கம் டோல்பாவில் உண்டு. அதில் குறைகள் இருக்கலாம். ஆயினும், வந்தவனும் பசித்தவனே என்ற ஒப்புதல் அதனுள் இருக்கிறது.

காப்பவன் நாள் குறிக்கலாம், தொகை வரையறுக்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஆனால், காவல் தந்த உரிமை உயிர்மேற் செல்லாது. விதையாத விளைவை நமது என்போம். அதனைத் தேடி வரும் மனிதனைப் பகைவன் என்னோம். இவ்விரண்டையும் ஒருங்கே சொல்ல வல்லதே பொதுவுடைமை அறமாகும்.