'எங்கே?' என்று கேட்காத துணை

சுவரில் மாட்டியிருக்கும் சங்கிலியை நீங்கள் கையில் எடுத்ததுமே உங்கள் வீட்டு நாய் என்ன செய்யும்? துள்ளிக் குதிக்கும். வாசலுக்கும் உங்களுக்கும் நடுவே நாலு தடவை ஓடும். செருப்பு மாட்ட விடாமல் காலைச் சுற்றும். 'எங்கே போறோம்? எப்போ திரும்பி வருவோம்? நடுவுல சாப்பாடு உண்டா?' என்று ஒரு கேள்வி? ம்ஹூம்! வீட்டில் மற்ற எல்லோரும் கேட்பார்கள். ஆறு வயசுப் பையன்கூட, 'அங்கே ஐஸ்க்ரீம் கிடைக்குமாப்பா?' என்று விசாரித்துவிட்டுத்தான் சட்டை மாட்டுவான். நாய் மட்டும் கேட்காது. தெருமுனையோ தென் துருவமோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான். நீங்கள் போகிறீர்கள், அதுவும் வரும். அவ்வளவுதான் கணக்கு.

தென் துருவம் என்பதை மோனைக்காகச் சேர்க்கவில்லை. நிஜமாகவே கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

1956 நவம்பரில் ஜப்பானின் முதல் அண்டார்ட்டிகா ஆராய்ச்சிக் குழு 'சோயா' என்ற கப்பலில் டோக்கியோவிலிருந்து கிளம்பியது. கப்பலில் விஞ்ஞானிகளோடு 22 நாய்களும் இருந்தன. ஜப்பானின் வடகோடிக் குளிருக்குப் பழகிய, அடர்ந்த ரோமம் கொண்ட, பனிவண்டி இழுக்கிற ஜாதி. 1957 ஜனவரியில் 'ஷோவா' என்று ஒரு முகாமைக் கட்டினார்கள். 11 மனிதர்களும் 19 நாய்களும் அங்கேயே தங்கி ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அண்டார்ட்டிகா குளிர்காலம் என்றால் வாரக்கணக்கில் சூரியனே தலைகாட்டாது. அந்த இருட்டில் மனுஷனுக்கு நாயும் நாய்க்கு மனுஷனும்தான் துணை.

அடுத்த வருஷம், 1958 பிப்ரவரியில், இரண்டாவது குழு வந்து பொறுப்பை ஏற்பதாகத் திட்டம். வந்த கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது. அமெரிக்கப் பனிக்கப்பல் ஒன்று உதவிக்கு வந்தது. முகாமில் இருந்த 11 பேரையும் ஒரு குட்டி விமானத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு தாய் நாயையும் அதன் எட்டுக் குட்டிகளையும்கூட ஏற்றிவிட்டார்கள். மீதி 15 பெரிய நாய்கள். 'நாலைந்து நாளில் புது ஆட்கள் வரப்போகிறார்கள், அதுவரை இதுகள் ஓடிப்போய்விடக் கூடாதே' என்று வெளியே சங்கிலியில் கட்டிவிட்டு வந்தார்கள். கழுத்துப்பட்டையை ஒரு துளை இறுக்கிவிட்டுத்தான் வந்தார்கள். நல்ல எண்ணத்தில்தான்.

வானிலை மாறவே இல்லை. புது ஆட்கள் போகவே இல்லை. பிப்ரவரி 24-ம் தேதி, 'இந்த வருஷம் முடியாது' என்று கைவிட்டுக் கப்பல் திரும்பியது. நாய்கள் கட்டினபடியே நின்றன.

ஜப்பான் கொதித்துப்போனது. திட்டித் தீர்த்தார்கள். அந்த ஜூலையிலேயே ஒஸாகா பக்கம் சக்காய் என்ற ஊரில் 15 நாய்களுக்கும் நினைவுச் சிலை வைத்தார்கள். அழுதார்கள். அப்போது யாருக்கும் தெரியாத ஒரு விஷயம்... சிலை திறந்த அன்றைக்கு அந்த 15-ல் இரண்டு உயிரோடு இருந்தன! (அஞ்சலி செலுத்துவதில் மட்டும் மனுஷனுக்கு எப்போதுமே அவசரம்தான்.)

1959 ஜனவரி 14. மூன்றாவது குழுவின் ஹெலிகாப்டர் முகாமை நெருங்கியபோது கீழே பனியில் கறுப்பாக ஏதோ அசைந்தது. இரண்டு நாய்கள். முதல் குழுவில் நாய்களைப் பார்த்துக்கொண்ட கிதாமுரா என்ற விஞ்ஞானி திரும்பவும் வந்திருந்தார். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுப் பார்த்துத்தான் அடையாளம் கண்டார். தாரோ, ஜிரோ என்ற அண்ணன் தம்பி. ஏழு நாய்கள் சங்கிலியிலேயே செத்துக் கிடந்தன. ஆறு காணவில்லை. செத்துப்போன நண்பர்களின் உடலை மற்ற நாய்கள் கடித்த தடயம்கூட இல்லை என்கிறார்கள்.

இந்தக் கதையை 1983-ல் ஜப்பானில் படமாக எடுத்தார்கள். பிரமாதமாக ஓடியது. 2006-ல் டிஸ்னி 'எய்ட் பிலோ' என்று தன் பாணியில் எடுத்தது. அதில் எட்டு நாய்களில் ஆறு பிழைத்துவிடும். ஹாலிவுட் கணக்கு!

சரி, இதில் யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? பைலட்டையா? கேப்டனையா? அந்தக் குட்டி விமானத்தில் இடம் இவ்வளவுதான் என்கிற நிமிஷத்தில் யாரைக் கேட்டாலும் மனிதர்களைத்தான் முதலில் ஏற்றுவார்கள். நானும் அதைத்தான் செய்வேன். நீங்களும் அப்படித்தான். ஆகவே 'மனுஷனா, நாயா?' என்று மேடைப் பேச்சாளர்கள் கேட்கிற கேள்வி இங்கே உதவாது. அதற்குப் பதில் ஏற்கெனவே தெரியும். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறே. அதை அண்டார்ட்டிகாவில் இல்லை, டோக்கியோ துறைமுகத்தில் நாய்களைக் கப்பலில் ஏற்றும்போது கேட்டிருக்க வேண்டும்: 'திரும்பி வர முடியாமல் போனால் இதுகளுக்கு என்ன வழி?'

மனிதர்களை யாரும் கட்டி இழுத்துப் போகவில்லை. ஆபத்து தெரியும், 'சரி' என்று சொல்லிவிட்டு ஏறினார்கள். நாயும் வாலை ஆட்டிக்கொண்டுதான் ஏறியிருக்கும். ஆனால் வாலாட்டுவது சம்மதம் ஆகுமா?

யோசித்துப் பாருங்களேன். சம்மதம் என்றால் அதற்கு ரெண்டு கால் வேண்டும். எதற்குச் சம்மதிக்கிறோம் என்று தெரிய வேண்டும். 'முடியாது' என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். வீட்டில் நாய்க்கு இரண்டாவதாவது கொஞ்சம் உண்டு. குளிப்பாட்டுகிற நாளன்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பிடிக்காத டாக்டர் வீட்டு வாசலில் நாலு காலையும் ஊன்றிக்கொண்டு நகர மறுக்கும். மனுஷ வாடையே இல்லாத வனாந்தரத்துக்குப் போய்விட்டால் அதுவும் போச்சு. ஒளிந்துகொள்ளக் கட்டில் கிடையாது. கோபித்துக்கொண்டு போய்ப் படுக்கப் பக்கத்து வீட்டுத் திண்ணை கிடையாது. சாப்பாடு இருக்கிற ஒரே இடம் உங்கள் பை. உலகமே நீங்கள்தான். 'என் நாய்க்கு மலை, காடு எல்லாம் ரொம்பப் பிடிக்கும் சார்' என்று நாம் சொல்வது பாதிதான் நிஜம். அதற்குப் பிடிப்பது நம்மை.

'குழந்தையும்தானே கேட்காமல் வருது?' என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் குழந்தை வளர்ந்துவிடும். இருபது வயசில் எதிரே வந்து உட்கார்ந்து, 'அன்னிக்கு ஏன்ப்பா என்னை அங்கே கூட்டிட்டுப் போனே?' என்று கேட்கும். நீங்கள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நாய் ஒரு நாளும் கேட்கப்போவதில்லை. கடன் கொடுத்தவன் வந்து கேட்கவே மாட்டான் என்று தெரிந்த பிறகு அந்தக் கடனை எப்படி நடத்துகிறோம் என்பதில்தான் நம் யோக்கியதை தெரியும்.

இதே அண்டார்ட்டிகாவில், ஷோவா முகாமுக்குச் சுமார் 45 வருஷம் முன்னால், அந்தக் கேள்வியை முன்கூட்டியே கேட்டு, பதிலும் எழுதிவைத்துக்கொண்டு போனார் ஒருவர். நார்வேக்காரர் ரோல்டு அமுண்ட்சென். தென் துருவத்தை முதலில் தொட்டவர். 1911 அக்டோபரில் ஐந்து பேர், நாலு பனிவண்டி, 52 கிரீன்லாந்து நாய்கள் என்று முகாமிலிருந்து கிளம்பினார்கள். கிளம்பும்போதே கணக்கு தயார். எந்த இடத்தில் எத்தனை நாய்களைச் சுடுவது, எத்தனை நாய்களுக்கும் மனிதர்களுக்கும் அந்த மாமிசம் எத்தனை நாள் வரும், அதனால் எவ்வளவு சாப்பாட்டு மூட்டை மிச்சம்... எல்லாம்.

நவம்பர் 21-ம் தேதி மலையேறி உச்சிப் பீடபூமியை அடைந்ததும் 24 நாய்களைச் சுட்டார்கள். அதுவரை உயிரைக் கொடுத்து வண்டி இழுத்த நாய்கள். அவரவர் வண்டி நாய்களை அவரவரேதான் சுட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த இடத்துக்கே 'கசாப்புக்கடை' என்று பேர் வைத்துவிட்டார்கள். அமுண்ட்சென் என்ன செய்தார் தெரியுமா? கூடாரத்துக்குள் போய் ஸ்டவ்வை வேகவேகமாகப் பம்ப் அடித்தார். ஸ்டவ் போடுகிற சத்தத்தில் துப்பாக்கிச் சத்தம் காதில் விழாமல் போகட்டும் என்று. அவரே எழுதியிருக்கிறார், மறைக்கவில்லை.

டிசம்பர் 14-ம் தேதி துருவத்தைத் தொட்டார்கள். 52-ல் 11 நாய்கள்தான் முகாமுக்குத் திரும்பின. ஐந்து மனிதர்களும் பத்திரம். அவர்களோடு போட்டி போட்ட ஆங்கிலேயர் ஸ்காட், குதிரைகளையும் (அவற்றையும் வழியில் சுட்டார்கள்), அப்புறம் மனுஷத் தோள்களையும் நம்பி 1912 ஜனவரியில் துருவத்துக்குப் போனார். அங்கே போன ஐந்து பேரில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை.

அமுண்ட்செனை என்னவென்று சொல்வது? எனக்கு அந்தக் கணக்கு நோட்டைவிட அந்த ஸ்டவ் சத்தம்தான் மறக்க முடியவில்லை. கணக்கு சரி என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தால் எதற்கு அந்தப் பம்ப்? ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்து, கொஞ்சி வளர்த்து, நம்பவைத்துச் சுடுவதற்கு நம்பிக்கைத் துரோகம் என்றுதான் பேர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஒன்று. 'எல்லாம் நல்லபடியா நடக்கும்' என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினவர் அவர். நாம் பெரும்பாலும் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் கிளம்புகிறோம்.

நம் ஊரில் இதற்கு எதிர்முனையில் நிற்கிறவர் தருமர். மகாபாரதத்தின் கடைசியில் பாண்டவர்கள் ராஜ்ஜியத்தை விட்டுவிட்டு இமயத்தை நோக்கி நடக்கிறார்கள். திரௌபதியோடு ஆறு பேர். ஏழாவதாக ஒரு நாய், யாரும் கூப்பிடாமலே கூட வருகிறது. வழியில் ஒவ்வொருவராக விழுந்து சாகிறார்கள். தருமர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கடைசியில் இந்திரன் ரதத்தோடு வந்து, 'ஏறு, ஆனால் நாய்க்கு இடமில்லை' என்கிறான். 'அப்படியானால் நானும் வரவில்லை' என்கிறார் தருமர். இந்திரன் மடக்குகிறான்: தம்பிகளையும் மனைவியையும் விட்டுவிட்டு வந்தவனுக்கு ஒரு நாயை விட என்ன கஷ்டம்? தருமர் சொல்கிற பதிலை நாம் அதிகம் கவனிப்பதில்லை. அவர்கள் செத்த பிறகுதான் விட்டேன், உயிரோடு இருக்கும்போது விடவில்லை என்கிறார்.

அந்த நாய் தர்மதேவதையாக மாறிவிடுகிறது, சுபம். கதாகாலட்சேபத்தில் இந்த இடத்தில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். எனக்கோ, அது மாறியிருக்கவே வேண்டாமே என்று தோன்றும். ஏனென்றால் தருமர் 'வரமாட்டேன்' என்று சொன்னபோது அவர் முன்னால் நின்றது தேவதை இல்லை, ஒரு சாதாரண நாய். அதுவும் அவர் கூட்டிக்கொண்டு வந்ததுகூட இல்லை, தானாக வந்தது. தானாக வந்ததற்கே அவ்வளவு பொறுப்பு என்றால், சங்கிலி மாட்டிக் கூட்டிப்போகிறவனுக்கு எவ்வளவு இருக்க வேண்டும்?

அப்புறம் இன்னொருத்தரையும் நாம் மறந்துவிடுகிறோம். காடு. அதனிடமும் யாரும் அனுமதி கேட்பதில்லை. 1994-ல் ஆப்பிரிக்காவின் செரங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்கள், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, டிஸ்டெம்பர் என்கிற நாய்க் காய்ச்சலில் செத்துப்போயின. சுற்றுவட்டார ஊர்நாய்களிடமிருந்து பரவியது. 2018-ல் நம் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அவற்றில் சிலவற்றின் உடம்பிலும் அதே வைரஸ் இருந்தது. இப்படி ஒரு நோய் சீல்களுக்குத் தொற்றிவிடுமோ என்ற பயத்தில்தான் அண்டார்ட்டிகாவுக்கே நாய்கள் கூடாது என்று உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டன. கடைசி நாய்கள் 1994-ல் அங்கிருந்து வெளியேறின. 'நம்ம டைகர் ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதே' என்பீர்கள். அது நினைக்க வேண்டியதில்லை. தும்மினால் போதும்.

சரி, நீங்களும் நானும் துருவத்துக்குப் போகப்போவதில்லை. அதிகபட்சம் இமயமலைப் பக்கம் ட்ரெக்கிங் போவோம். அங்கே தருமருக்கு நடந்தது நமக்கும் நடக்கும், சத்தியமாக. கடைசிக் கிராமத்து டீக்கடை வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். நீங்கள் ஒரு பிஸ்கட் போடுவீர்கள். அது எழுந்து கூடவே கிளம்பிவிடும். 2018 நவம்பரில் நேபாளத்தில் ஒரு தெருநாய் இப்படித்தான் ஒரு மலையேற்றக் குழுவின் பின்னால் போய், 7,129 மீட்டர் உயரமுள்ள பாருன்ட்ஸே சிகரத்தின் உச்சிக்கே ஏறிவிட்டது! குழுத் தலைவர் தன் கூடாரத்தில் அதற்கு இடம் கொடுத்தார். இறங்குகையில் செங்குத்தான இடங்களில் கயிறு கட்டி இறக்கினார்கள். அடிவார முகாமைக் கவனித்துக்கொண்ட ஷெர்ப்பா ஒருவர் கடைசியில் காத்மாண்டுவுக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய்விட்டார். அந்த நாய்க்கு யோகம். எல்லாக் குழுவிலும் அப்படி ஒரு ஷெர்ப்பா இருக்கமாட்டார். கணவாய்க்கு அந்தப் பக்கம் இறங்கினதும் நீங்கள் ஜீப்பில் ஏறிவிடுவீர்கள். அது தெரியாத ஊரில், அந்த ஊர் நாய்களுக்கு நடுவே நிற்கும்.

ஆகவே, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன்னால் டீக்கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 'இது யாரோட நாய்? எதுவரைக்கும் வரும்?' அவருக்குத் தெரிந்திருக்கும். சில நாய்கள் ஆற்றுப் பாலத்தோடு நின்றுவிடும். 'மேலே வரைக்கும் வந்திடும்' என்று அவர் சொன்னால், நீங்கள் வளைவு திரும்பி மறைகிற வரைக்கும் அதைக் கொஞ்சம் பிடித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். குரைக்கும். ரொம்ப நேரம் குரைக்கும். கீழே இருந்து உங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். பரவாயில்லை, நடங்கள். சாயங்காலம் பனி இறங்கும்போது அது டீக்கடை அடுப்புப் பக்கத்தில் சுருண்டு படுத்திருக்கும்.