வலி விலகிய பின் வரும் எல்லை

தேய்ந்த மூட்டோடு பல ஆண்டுகள் வாழும் ஒருவருக்கு எவ்வளவு தூரம் நடப்பது, எந்தப் படியில் நின்று இளைப்பாறுவது, எப்போது ஆட்டத்தை விட்டு வெளியேறுவது என்பதையெல்லாம் வலியே தீர்மானித்துக் கொடுக்கிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் தேய்ந்த எலும்பு முனைகள் சீவப்பட்டு, உலோகமும் அதனிடையே பாலிஎத்திலீன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்கும் பொருத்தப்படும்போது, அந்த வலியோடு சேர்ந்து அது விதித்த எல்லையும் நீங்கிவிடுகிறது. செயற்கை மூட்டின் பரப்பில் நரம்பு கிடையாது. தடுப்பதற்கு வலி இல்லாத உடம்பில் ‘இதுவரை போதும்’ என்று சொல்லும் பொறுப்பை எவர் ஏற்பது என்பதே, மீண்டும் மட்டையைக் கையில் எடுக்க விரும்பும் மனிதருக்கு முன்னால் நிற்கும் கேள்வி.

அறுவைக்குப் பிந்தைய முதல் வாரங்களில் இக்கேள்வி எழுவதில்லை. அப்போது வலிக்கும் வீக்கத்துக்கும் குறைவில்லை. முழங்கால் மாற்றப்பட்டவரின் முன்தொடைத் தசை, அதாவது காலை நீட்டவும் உடலைத் தாங்கவும் உதவும் பெருந்தசை, முதல் மாதத்தில் தன் வலிமையில் பாதிக்கும் மேல் இழந்துவிடுகிறது; தசை மெலிவது மட்டுமே இதற்குக் காரணமாகாது, வீங்கிய மூட்டிலிருந்து எழும் நரம்புச் சமிக்ஞைகளும் அத்தசையை அடக்கி வைக்கின்றன. படுக்கையில் காலை நீட்டி, முழங்காலுக்கு அடியில் சுருட்டி வைத்த துண்டைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லும்போது, ஒருகாலத்தில் ஆடுகளம் முழுதும் ஓடியவரின் தொடை அசையாமல் கிடப்பதும், நெற்றி வியர்த்த பிறகே தோலுக்கடியில் மெல்லிய துடிப்பு ஒன்று தோன்றுவதும் பிசியோதெரபிஸ்ட் எனப்படும் இயன்முறை மருத்துவர் பலமுறை கண்டு பழகிய காட்சி. அந்தத் துடிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதை ஏற்றுக்கொள்வது, வீரராக இருந்தவருக்கு அறுவையைவிடக் கடினமாகிறது.

இந்தப் பாதையை நாட்காட்டி கொண்டு அளப்பதே பலரும் செய்யும் பிழை. சில மாதங்கள் கழிந்தால் நீச்சலும் சைக்கிளும், ஆறு மாதத்தில் இரட்டையர் ஆட்டம் என்னும் பொதுக்கணக்கு ஒரு வழிகாட்டி மட்டுமே. படி இறங்கும் காலைக் கவனித்தால் உண்மை விளங்கும்: மாற்றிய கால் மேற்படியில் நின்று மற்றக் காலை மெல்லக் கீழே இறக்க வேண்டிய நொடியில், தசை வலு போதாதவரின் இடுப்பு ஒருபக்கம் சரிகிறது, கை கைப்பிடியைத் தேடுகிறது, கீழே இறங்கும் பாதம் தொப்பென்று விழுகிறது. ஒற்றைப் படியில் உடல் எடையை நிதானமாக இறக்க இயலாத கால், இறகுப்பந்தைத் துரத்திப் பாய்ந்து சட்டென்று நிற்கும்போது ஏற்படும் அதிர்ச்சியை எப்படித் தாங்கும்? ஆகவே தேர்ந்த சிகிச்சையாளர்கள் இரு கால்களின் வலிமையை ஒப்பிட்டு, 30 நொடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று எண்ணி, பயிற்சிக்கு மறுநாள் காலையில் மூட்டு வீங்கியிருக்கிறதா என்றும் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்கு அனுமதிக்கிறார்கள்.

தசை திரும்பிய பிறகு முதற்கேள்வி முழு உருவில் வந்து நிற்கிறது. நடக்கும்போது மூட்டின்மேல் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசை இறங்குகிறது. ஓடும்போது அது நான்கு மடங்கையும் தாண்டக்கூடும். பாலிஎத்திலீன் தேய்ந்து உதிரும் நுண்துகள்கள், சுற்றியுள்ள எலும்பை உடலே கரைத்துவிடும்படி தூண்டி, நாளடைவில் மூட்டைத் தளரச் செய்யலாம். நெடுங்காலம் இது எந்த வலியும் தராமலே நடக்கக்கூடும். முழங்கால் மாற்று மூட்டுகளில் 100க்கு ஏறக்குறைய 82, 25 ஆண்டுகள் நிலைக்கின்றன என்று ஆய்வுகள் மதிப்பிடுவது பெரும் ஆறுதலே. ஆயினும் 45 வயதில் மாற்றிக்கொண்டவருக்கு அந்தக் கணக்கு 70 வயதில் முடிந்துவிடுகிறது.

டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேயின் வரலாறு இவ்விடத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. காலணியும் காலுறையும் அணிவதுகூட வலிக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்ன அவருக்கு, 2019 ஜனவரியில் லண்டனில் இடுப்பு மூட்டின் மேற்பரப்பு மாற்றப்பட்டது. தொடை எலும்பின் தலையை வெட்டி நீக்காமல் அதன்மேல் உலோகத் தொப்பி அணிவிக்கும் முறை அது. ஜூனில் இரட்டையர் ஆட்டத்தில் தொடங்கிய அவர், அக்டோபரில் ஆன்ட்வெர்ப்பில் ஒற்றையர் பட்டம் வென்றார். 2023 ஆஸ்திரேலிய ஓப்பனில் 5 மணி 45 நிமிடம் நின்று ஓர் ஆட்டத்தை வென்றார். உலகின் முதலிடத்துக்கு அவர் திரும்பவில்லை. அவர் ஓடிய ஓட்டத்தைவிட, பாதிக் களத்தை மட்டும் காக்க வேண்டிய இரட்டையர் ஆட்டத்தில் முதலில் இறங்கிய நிதானமே மற்றவர்கள் பின்பற்றத் தக்கது. நாள் முழுதும் உடனிருந்து பார்க்கும் பயிற்சிக் குழு எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

இழந்த வயதை மீட்பதற்காக ஆடுபவர் எல்லையை மீறியே தீருவார். நண்பர்களோடு ஒரு மாலைப்பொழுதுக்காக ஆடுபவருக்கு எல்லையோடு சமாதானமாவது எளிது. எதற்காக ஆட விரும்புகிறோம் என்பதை அறுவைக்கு முன்பே தனக்குள் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆடுகளத்துக்குத் திரும்பிவிட்டவர்களோ, வலி துளியும் இல்லாத ஆண்டுகளிலும், மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளில் தவறாமல் சென்று எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.