இன்மையைக் காட்டும் வெளிச்சம்

புதிதாக வாங்கிய பெரிய ஹெச்.டி. தொலைக்காட்சிப் பெட்டியில் பழைய தரத்து அலைவரிசை ஒன்றை வைத்துப் பார்ப்பவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே புகாரைத்தான் சொல்லுகிறார்கள்: பழைய பெட்டியில் நன்றாக இருந்த படம் இதில் மங்கிக் கிடக்கிறது, முகங்கள் வழவழவென்று அடையாளமிழந்து போகின்றன, ஓரங்கள் கசிகின்றன என்பது அது. தொழில் தெரிந்தவர்கள் இதற்குச் சொல்லும் சமாதானம் சரியானதே. ஆயினும் அதற்குள்ளே, நம்முடைய தர்க்க சாஸ்திரக்காரர்கள் பல நூற்றாண்டுக் காலம் வாதிட்ட கேள்வி ஒன்று பதுங்கியிருக்கிறது. இந்தக் குறை புதிய பெட்டியில் பிறந்ததா, அல்லது பழைய பெட்டியிலேயே இருந்து நம் கண்ணில் படாமற் போயிற்றா? காணப்படாத குறை குறைதானா?

விவரத்தை முதலில் பார்த்துவிடுவோம். இந்தியாவில் வழங்கிவந்த பால் (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றில் திரையில் தெரிபவை 576. டிஜிட்டல் கணக்கில் அது 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். ஹெச்.டி. திரையிலோ 1920க்கு 1080 ஆக 20,73,600 புள்ளிகள், சரியாக ஐந்து மடங்கு, அசையாமல் பதிக்கப்பட்டிருக்கின்றன. திரை முழுவதும் படம் தெரியவேண்டுமானால் ஒரு புள்ளியையும் வெறுமையாக விட முடியாது. ஆகவே வந்து சேர்ந்த ஒன்றைக்கொண்டு வராத நான்கையும் நிரப்பவேண்டிய கட்டாயம் பெட்டிக்குள்ளிருக்கும் சில்லுக்கு ஏற்படுகிறது. அண்டைப் புள்ளிகளின் நிறங்களைக் கணக்கிட்டு இடையில் இருந்திருக்கக்கூடியதை அது ஊகிக்கிறது. போதாக்குறைக்கு, பழைய முறையில் ஒற்றைக் கோடுகள் ஒரு கணத்திலும், இரட்டைக் கோடுகள் விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு தள்ளியும் எடுக்கப்பட்டவை. இரண்டையும் ஒட்டவைக்கும்போது ஓடுகிற பந்தின் விளிம்பு பல்பல்லாகச் சிதறுகிறது. ஒளிபரப்புகிறவர் சிக்கனம் கருதிப் படத்தை இறுக்கிச் சுருக்கியிருந்தால் கட்டங்கட்டமாகத் தெரியும் மாசு வேறு. பழைய படக்குழாய்ப் பெட்டியின் திரை சிறியது; கோட்டோடு கோடு சற்றே இழையும்படி அது வரைந்தது; நாமும் எட்டத்தில் உட்கார்ந்திருந்தோம்.

இன்மையை அறிவது எப்படி என்னும் விசாரம் இங்கேதான் வருகிறது. தரையில் குடம் இல்லை என்று அறிகிறோமே, அந்த அறிவு கண்ணால் வந்ததன்று, இல்லாத பொருளோடு கண்ணுக்குச் சம்பந்தம் ஏற்பட இடமேயில்லை, குடம் காணப்படாமையே அதன் இன்மையை அறிவிக்கிறது என்று சொல்லி, குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் அனுபலப்தி என்ற தனிப் பிரமாணத்தை ஒப்புக்கொண்டார்கள். நையாயிகர்கள் அதை மறுத்து, அபாவமும், அதாவது இன்மையும், பிரத்தியட்சத்தாலேயே அறியப்படுவது என்றார்கள். மற்றொரு மீமாம்சகரான பிரபாகரரோ அபாவம் என்று ஒரு தனிப் பொருளே கிடையாது, வெறுந்தரையை அறிவதே போதும் என்று வழக்கை ஒரே வெட்டில் முடித்தார். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அபாவத்தையும் எண்ணிக் காட்டிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று அமைதி காண்கிறார். வென்றவர் யார் என்பது நம் காரியத்துக்கு முக்கியமன்று. குமாரிலர் வழியினரும் நையாயிகரும் சண்டைக்கு நடுவிலும் ஒருசேர வைத்த நிபந்தனை ஒன்று உண்டு, அதுவே முக்கியம். காணாமை இன்மைக்குச் சான்றாகவேண்டுமானால், அந்தப் பொருள் இருந்திருந்தால் கண்டே தீரும் யோக்கியதை அங்கே இருந்தாக வேண்டும். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பதைக்கொண்டு குடம் இல்லை என்று சொல்ல எவனும் துணியமாட்டான்.

பழைய பெட்டிக்கு அந்த யோக்கியதை இல்லை. புடவைக் கரையின் சரிகை இழைகள் பதிவாகியிருந்தாலும் அது காட்டியிராது. பதிவாகாவிட்டாலும் நமக்குத் தெரிந்திராது. நிறைவு என்று நாம் எண்ணியிருந்தது அறியாமை தந்த நிம்மதி. புதிய பெட்டி படத்தின் மூலத்தைக் கெடுக்கவில்லை. மூலத்தில் இல்லாததை இல்லை என்று அறியும் தகுதியை நமக்குக் கொடுத்தது. மாணிக்கவாசகரும் தாயுமானவரும் தம்மைக் கடையரிலும் கடையராகச் சொல்லிப் புலம்புவதைப் படித்து, இத்தனை பெரியவர்களுக்கு இது வெறும் சம்பிரதாய அடக்கம் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. அவர்கள் நின்ற வெளிச்சத்தில் அவர்களுக்கு அவர்களுடைய இன்மை தெரிந்தது; நம் வெளிச்சத்தில் நம்முடையது தெரியவில்லை என்பதே வித்தியாசம்.

ஆனால் இல்லாதது வேறு, மறைந்திருப்பது வேறு. சத்யஜித் ராயின் பதேர் பாஞ்சாலி படத்தின் மூலச்சுருள் 1993இல் லண்டன் தீவிபத்தில் கருகியும், பிழைத்த பகுதிகளைக்கொண்டும் பிற பிரதிகளைக்கொண்டும் சீர்செய்யப்பட்டு, 2015இல் புதுப்பொலிவோடு திரைக்கு வந்தது. சுருளுக்குள் உண்மையிலேயே இருந்த சூட்சுமம் நல்ல கருவி வந்ததும் வெளிப்பட்டது. பழைய வீடியோ நாடாவில் பதிந்ததற்கு இந்தப் பாக்கியம் இல்லை. அங்கே இல்லாதது எந்தக் காலத்துக்கும் இல்லாதது.

பெட்டியின் மேல் எனக்குள்ள வழக்கு, அது ஊகிக்கிறது என்பதன்று. ஊகம் யாருக்கும் விலக்கன்று. சிவஞான போதம் பன்னிரண்டு சூத்திரங்களில் அடங்கியது. அதை விரித்துரைக்கும்போது மெய்கண்டார் இது மேற்கோள், இது ஏது, இது உதாரணம் என்று பிரித்தே வைக்கிறார். படிப்பவன் ஒவ்வோர் அடியிலும் எது சொல்லப்பட்டது, எது அனுமானிக்கப்பட்டது என்று கண்டுகொள்ளலாம். பெட்டியோ தன் அனுமானத்தைப் பிரத்தியட்சத்தோடு கலந்து, ஐந்தில் எது வந்தது, எவை இட்டு நிரப்பியவை என்று காட்டாமலே நம்முன் வைக்கிறது. சமயப் பேச்சாளர்களிலும் இப்படிப்பட்டவர்களை நாம் கேட்டிருக்கிறோம்.

பக்தனும் நிரப்புகிறானே என்று கேட்கலாம். 1987 ஜனவரியில் ராமானந்த சாகரின் ராமாயணம் தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் காலையில் வரத் தொடங்கியபோது, நாட்டின் பல பகுதிகளில் அந்தச் சிறிய பெட்டிக்கு மாலையிட்டு ஊதுவத்தி ஏற்றினார்கள். 2020 மார்ச் 28 முதல் ஊரடங்கின்போது அதே தொடர் மறுபடி வந்து பெரிய திரைகளில் மங்கித் தெரிந்தது. முன்னவர்களுக்குக் கிடைத்த தரிசனம் கோடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்ததன்று. மஞ்சளைப் பிடித்துவைத்துப் பிள்ளையாராக ஆவாகனம் செய்கிறவன், அது மஞ்சள் என்று அறிந்தே செய்கிறான். பூஜை முடிந்ததும் யதாஸ்தானமும் செய்துவிடுகிறான். தான் நிரப்பியது இன்னது என்று அவனுக்குத் தெரியும். அதனால் அது பாவனை, பொய்யன்று.

ஆதலால் பழைய படங்களைப் பார்க்க விரும்பும் அன்பர்களுக்குச் சொல்லுவது இது. பெட்டியில் கூர்மை என்று ஓர் அமைப்பு இருக்கும். அதை மிகவும் தாழ்த்திவிடுங்கள், ஏற்றினால் இல்லாத விவரம் வராது, விளிம்புகளைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் வரும். நாலுக்கு மூன்று அளவில் எடுத்த படத்தைத் திரை முழுவதும் இழுத்து முகங்களைப் பருக்கவைக்காமல், இருபுறமும் கரும்பட்டை வெறுமையாகவே இருக்கட்டும். நாற்பது அங்குலத் திரையானால் பத்தடி தள்ளி உட்காருங்கள். குறையை அறிந்து தள்ளி உட்காருவது அறியாமையாகாது. 576 கோடுகளைத் தனித்தனியே பிரித்தறியும் சக்தி சாதாரணக் கண்ணுக்கு ஏறக்குறைய அந்தத் தூரத்தோடு தீர்ந்துவிடுகிறது.