பிறப்பும் சார்பும்

சைவ வித்தியாசாலைகளிற் கல்வி பயிற்றும் உபாத்தியாயர்களே!

மாணாக்கன் ஒருவன் பாடத்திற் பின்னிற்கக் கண்டவுடனே, “இவன் தந்தையும் இத்தகையனே, விதை எப்படியோ விளைவும் அப்படியே” என்று சொல்லிக் கைவிடுவார் நம்மவருட் சிலர் உளர். கோபத்தாற் சொல்லினும், இரக்கத்தாற் சொல்லினும், அச்சொல் ஒரு பிள்ளையின் முன்னே கதவடைப்பதாம். அங்ஙனம் அடைத்தற்கு நமக்கு உரிமை உண்டோ என்பதை இங்கே ஆராயப் புகுந்தோம்.

தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் இறைவன் உயிர்களுக்குக் கூட்டுவிக்கின்றான் என்பதும், உயிர் தான் எதனைச் சார்கின்றதோ அதன் இயல்பினதாய் நிற்கும் என்பதும் நாம் அறிந்த சித்தாந்தம். இவை உயிரைப்பற்றியன. உடம்பைப்பற்றி இக்காலத்து உயிரியலார் ஆராய்ந்து கண்டன வேறு. அவர் கண்டனவற்றை நம் முன்னோர் முன்னமே கண்டாரென்று பெருமை பேசுதல் நமக்கு வேண்டுவதன்று. அவற்றை உள்ளவாறு அறிந்து, நம் கடமைக்குத் துணையாகக் கோடலே வேண்டுவதாம்.

தாய்தந்தையர்பால் நாம் பெறும் மரபணுக்கள் ஓர் ஏட்டுச்சுவடி போல்வன. கண்ணின் அணுவிலும் ஈரலின் அணுவிலும் இருப்பது அவ்வொரு சுவடியே. ஆயினும் கண் கண்ணாகவும் ஈரல் ஈரலாகவும் இருத்தல் எவ்வாறெனில், ஓரிடத்தே சில ஏடுகள் விரித்துப் படிக்கப்படுகின்றன. வேறு சில கயிறிட்டுக் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. மெதைல் என்னும் சிறு இரசாயனக் குறிகள் அக்கயிறு போல்வன. அவற்றால் எழுத்து மாறுவதில்லை; படிக்கப்படுதலே மாறும். உணவும், அச்சமும், அரவணைப்பும் இக்கயிற்றை இறுக்கவும் நெகிழ்க்கவும் வல்லன.

தேனீக்களை நோக்குக. இராணியும் தொழிற்றேனீயும் ஒரேவகை முட்டையினின்றே பிறப்பன. சுரப்பிப்பாலை இடையறாது மிகுதியாக உண்ட புழு இராணியாகி ஆண்டுக்கணக்காக வாழும்; சில நாளில் வேறுணவுக்கு மாற்றப்பட்டது தொழிற்றேனீயாகிக் கோடையிற் சில வாரங்களில் மடியும். மெதைற் குறியை இடுகின்ற மரபணுவைப் புழுப்பருவத்தில் அடக்கியபொழுது, பெரும்பாலான புழுக்கள் இராணியின் இயல்பை எய்தின என 2008 ஆம் ஆண்டில் அவுஸ்திரேலிய ஆய்வாளர் வெளியிட்டனர்.

இனி மனிதரை நோக்குவாம். இரண்டாம் உலகமகாயுத்தத்தின் இறுதியில், 1944-45 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், ஜெர்மானியர் கைப்பட்டிருந்த ஒல்லாந்து தேசத்தின் மேற்குநகரங்களுக்கு உணவு செல்லுதல் தடுக்கப்பட்டது. கால்வாய்களும் உறைந்தன. நாளொன்றுக்கு ஆயிரம் கலோரிக்கும் குறைந்த பங்கீட்டுணவே கிடைத்தது. துலிப்பூவின் கிழங்கையும் மக்கள் தின்றனர். ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்பஞ்சத்திற் கருவுற்ற தாய்மாரின் பிள்ளைகளை ஏறக்குறைய அறுபது ஆண்டுகளின்பின் ஆராய்ந்தவர்கள், வளர்ச்சிக்குரிய ஒரு மரபணுவில் மெதைற் குறிகள், பஞ்சம் அறியாத அவர்தம் உடன்பிறந்தாரிலும் குறைந்திருக்கக் கண்டு 2008 இல் வெளியிட்டனர். தாயின் பசி, பிள்ளை முதுமையை அணுகும்வரை உடம்பில் அடையாளமாய் நின்றது. இதனால் அத்தாய்மாரைப் பழித்தல் தகாது. உணவைத் தடுத்தார்மேலதன்றோ பழி!

தாயின் பரிவும் இத்தகையதே. கனடா தேசத்து மொன்றியல் நகரத்து மக்கில் சர்வகலாசாலையார் எலிகளை ஆராய்ந்து 2004 இல் வெளியிட்டதாவது: பிறந்த முதல்வாரத்தில் தாயால் மிகுதியாக நக்கி அணைக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் கலக்கம் குறைந்தனவாயின, கலக்கத்தைத் தணிக்கும் மரபணு அவற்றின் மூளையிலே திறந்துநின்றது. பரிவு குறைந்த தாய் ஈன்ற குட்டியைப் பரிவுமிக்க தாயிடம் விட்டபொழுது, அது வளர்த்தவளின் வழியையே பற்றியது. வளர்ந்த எலியிலும் மருந்தினால் அக்குறியை மாற்றக்கூடியதாயிற்று.

எல்லாம் சார்பினாலே மாறுமென்று கொள்ளற்க. தலசீமியா முதலிய நோய்கள் எழுத்தின் பிழையால் வருவன; நல்லுணவு அவ்வெழுத்தைத் திருத்தாது. எலியிற் கண்டதனைத்தும் மனிதர்க்கும் அவ்வாறேயென்று துணிதலும் ஆகாது. ஆயினும் “பிறப்பே முடிவு” என்பார் கூற்று நில்லாதென்பது இவற்றாற் போதருகின்றது.

ஆதலின் உபாத்தியாயர்காள்! பசித்துவந்த பிள்ளைக்குப் பாடத்திற்கு முன்னே உணவுக்கு வழிதேடுமின். நாளை தாயராகவிருக்கும் பெண்பிள்ளைகளின் உணவிற் குறைவைக்க வேண்டாமென்று பெற்றோர்க்கு எடுத்துரைமின். பிரம்பைக் கண்டு நடுங்கும் நெஞ்சிலே கல்வி தங்காது, அதனைக் களைமின். குலத்தையும் குடும்பத்தையும் சுட்டி எப்பிள்ளையையும் இகழாதொழிமின். வந்த சுவடியை மாற்றுதல் நம்மால் இயலாது. அதனைப் படித்தற்கு ஏற்ற ஒளியை ஏற்றுதல் இயலும்.

புவனத்தைத் தந்தவன் இறைவன். அதில் ஒரு வகுப்பறையை நம் கையில் ஒப்புவித்திருக்கின்றான். ஒரு பிள்ளை நாடோறும் சாரும் சார்பு நாமே என்பதை உணர்ந்து, அச்சார்பு நற்சார்பாகத் திருவருளை வேண்டி நிற்போமாக.